ஒன்பதாம் கேள்வி

அவர் பெயரை மாற்றியிருக்கிறேன்.
வயதில் மூன்றைக் கூட்டியிருக்கிறேன்.
கோட்டையில் எந்தக் கட்டடம் என்று நான் சொன்னாலும் நம்பாதீர்கள்.
லிஃப்ட்காரர் என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.
இருபத்தாறு வருடம் ஒரு பெட்டிக்குள் நின்று
மற்றவர்களுடைய மாடிகளை அழுத்திய விரலுக்கு
எனக்கு மாற்றுத் தொழில் தெரியவில்லை.

"யோசினை கூடிப்போச்சு மிஸ்" என்றார்.
அறிக்கை ஆங்கிலத்தில் போகவேண்டும்.
யோசினையை அப்படியே பெயர்த்தால்
ஏதோ தத்துவவாதி வந்து போனது போலிருக்கிறது.
கவலை என்று எழுதினால்
அவர் சொல்லாததை நான் சொன்னதாகும்.
அந்த இடத்தை மட்டும் பென்சிலால் எழுதினேன்.

படிவத்தில் முதல் எட்டும் லேசு:
நித்திரை, பசி, களைப்பு, அப்படி.
ஒன்பதாவது சாவைப் பற்றியது.
அதைக் கேட்காமல் பக்கத்தைத் திருப்பினேன்.
தாள்கள் ஒட்டிக்கொண்டன என்று
எனக்கே ஒரு பொய்.

சமன்மலி மிஸ் ஒலிப்பதிவை நிறுத்தினார்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
ஆனாலும் எட்டு எண்ணத் தெரியும்.
"படிவத்தில் இருக்கிற தமிழ்
அழைப்பாணை மாதிரி இருக்கு மிஸ்" என்றேன்.
"அப்ப வீட்டில பேசிற தமிழில கேள்.
சுத்தாத. புதன்கிழமை."

செவ்வாய் பின்னேரம், நூற்றியொன்று,
யன்னலோரம், மடியில் பதிவேடு
(அறுநூறு மணித்தியாலத்துக்கு இன்னும் நானூற்றுப் பதினொன்று).
பம்பலப்பிட்டியில் பஸ் நகரவில்லை.
உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தேன்.
செத்தாப் பறவாயில்லை எண்டு…
இல்லை, கொஞ்சம் மெதுவாக.
இனி இருந்து என்ன எண்டு…
அதுவும் இல்லை.
செத்தாப் பறவாயில்லை. செத்தாப் பறவாயில்லை.

பக்கத்திலிருந்தவள் காதிலிருந்து வயரைக் கழற்றினாள்.
இருபது வயதிருக்கும். புறக்கோட்டைப் புடவைக் கடைச் சீருடை,
நெஞ்சில் பெயர்ப்பட்டி: சில்மியா.
(இந்தப் பெயரை மாற்றவில்லை.
அவள் என்னிடம் வந்தவள் அல்ல.)
"அக்கா, சாவப்போறீங்களா?"

பஸ்சில், அவ்வளவு சனத்துக்கு நடுவில்,
விலை கேட்பது போலக் கேட்டாள்.

"படிப்பு. பரீட்சைக்கு மாதிரி. நான் வந்து…"
"எவ்வளவு நாளா?"
"இல்லை, அது நோயாளியிட்ட கேக்கிற…"
"ஊட்டுல இண்டைக்கு யாரு ஈக்கிற?"

தெஹிவளையில் வாடகை அறை.
யாருமில்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.
எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.
வெள்ளவத்தைச் சந்தையில் அவள் இறங்கவேண்டும்.
எழும்பினாள், கண்டக்டரைப் பார்த்தாள், திரும்ப உட்கார்ந்தாள்.
கால்வாய்ப் பாலம் போனது.
கேட்டுக்கொண்டே வந்தாள்: சாப்பிட்டதா, தூங்கினதா, காசுப் பிரச்சினையா.
என் எட்டுக் கேள்விகள்தான், ஒழுங்கு மாறி.
மூன்று கிழமையாக நான் சரியாகத் தூங்கவில்லை என்பது
அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது.

என்னோடு இறங்கினாள்.
ரோல்ஸ் இரண்டு வாங்கி ஒன்றைத் தந்தாள்.
டிக்கெட்டின் பின்பக்கம் நம்பர் எழுதி
"போன்ல காசில்லாட்டி மிஸ்கோல் போடுங்க" என்றாள்.
எதிர்ப்பக்கம் போய்த் திரும்புகிற பஸ்சுக்கு நின்றாள்.
மழை பிடித்தது. நான் அறைக்குப் போகும் வரை
அவள் பஸ் வரவில்லை.

பதிவேட்டைத் திறந்தேன்.
நேர்காணல், குழு, மேற்பார்வை, வாசிப்பு.
இந்த நாற்பது நிமிடத்தை எழுத
எந்தக் கட்டமும் பொருந்தவில்லை.

புதன்கிழமை கேட்டேன்.
அழைப்பாணையாகவும் அல்ல, ஒத்திகையாகவும் அல்ல.
லிஃப்ட்காரர் மின்விசிறியைப் பார்த்தார்,
பிறகு கதவை.
பதில் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன்.
ஐம்பதாவது நிமிடம் வந்தது, போனது.
அன்றிரவு வீட்டில் அவருடன் யார் இருப்பார்கள் என்று
இரண்டு பேரும் சேர்ந்து ஃபோன் எடுத்துப் பார்த்தோம்.
தம்பி கொச்சிக்கடையிலிருந்து வந்து சேர
இன்னும் ஒன்றேகால் மணித்தியாலம்.

"ஏன் இவ்வளவு நேரம்?" என்றார் சமன்மலி மிஸ்.
"என்ட ஹோல்ட்டில இறங்கேல்ல மிஸ்."

விளங்கவில்லை அவருக்கு.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.
சிவப்பு மையில் எழுதினார்:
நேர எல்லை, கவனிக்கவும்.
அதன் கீழே, கேட்ட மணித்தியாலம் முழுவதற்கும்
கையொப்பம்.